அன்னா அட்கின்ஸின் நீலப் பாசிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு நீலப் படம் மாட்டியிருக்கிறது. அடர் நீலத் தாளில் வெள்ளையாக ஒரு கடற்பாசி, கீழே கையெழுத்தில் அதன் லத்தீன் பெயர். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது "பெயிண்டிங்கா?" என்றுதான். அப்புறம் கேள்விகள் வரிசையாக வரும். மொட்டைமாடியில் நானும் இதே முறையில் படம் செய்து பார்ப்பவன் என்பதால் அதைப் பற்றியும் கேட்பார்கள். சொல்லிச் சொல்லிப் பழகிவிட்ட பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இந்தப் படத்தைச் செய்தவர் யார்?

அன்னா அட்கின்ஸ். இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் டன்பிரிட்ஜ் என்ற ஊரில் 1799 மார்ச் 16 அன்று பிறந்தவர். மறு வருடமே அம்மா இறந்துவிட, அப்பாவின் நிழலில் வளர்ந்தார். அப்பா ஜான் ஜார்ஜ் சில்ட்ரன் வேதியியல், கனிமம், விலங்கியல் என்று எதையும் விட்டுவைக்காத ஆள். பிரிட்டிஷ் மியூசியத்தில் வேலை, ராயல் சொசைட்டியில் செயலாளர் பொறுப்பு. அந்தக் காலத்துப் பெண்பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளியிலும் கிடைக்காத அறிவியல் பாடம் இவருக்கு வீட்டிலேயே கிடைத்தது.

1825இல் ஜான் பெல்லி அட்கின்ஸ் என்ற வணிகரை மணந்து, செவனோக்ஸ் அருகே ஹால்ஸ்டெட் பிளேஸ் என்ற வீட்டுக்குப் போனார். குழந்தைகள் இல்லை. 1839இல் லண்டன் தாவரவியல் சங்கத்தில் உறுப்பினரானார். பெண்களைச் சேர்த்துக்கொண்ட அறிவியல் சங்கங்களை அப்போது விரல்விட்டு எண்ணிவிடலாம். இது அதில் ஒன்று. 1871 ஜூன் 9 அன்று அதே ஹால்ஸ்டெட் வீட்டில் காலமானார்.

சரி, இது பெயிண்டிங்கா போட்டோவா?

போட்டோதான். ஆனால் கேமரா இல்லாத போட்டோ. ரசாயனம் பூசிய தாளின் மேல் உண்மையான பாசியையே வைத்து வெயிலில் காட்டுவது. வெயில் பட்ட இடம் நீலமாகும், பாசி மறைத்த இடம் வெள்ளையாக நிற்கும். இந்த முறைக்கு சயனோடைப் என்று பெயர்.

கையில் ஏதாவது ஒரு இலையை ஒட்டிவிட்டு அதன் மேல் மருதாணி பூசினால், இலை மறைத்த இடம் மட்டும் சிவக்காமல் நிற்குமே, அப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

கேமராவே அவரிடம் இல்லையா?

1841இல் அப்பா மகளுக்காக ஒரு கேமராவுக்கு ஏற்பாடு செய்திருக்கிறார். அதில் அவர் எடுத்த படம் என்று சொல்ல ஒன்றுகூட இன்று கையில் இல்லை.

ஏன் நீலம்? அழகுக்காகத் தேர்ந்தெடுத்தாரா?

இல்லை. அந்த ரசாயனத்துக்குத் தெரிந்த நிறம் அது ஒன்றுதான்.

ஜான் ஹெர்ஷல் என்ற வானியல் அறிஞர் 1842இல் கண்டுபிடித்த முறை இது. அவர் சில்ட்ரன் குடும்பத்துக்கு நண்பர், அவரும் கென்ட்டில்தான் குடியிருந்தார். இரும்பு உப்பு ஒன்றையும் (ஃபெரிக் அமோனியம் சிட்ரேட்) பொட்டாசியம் ஃபெரிசயனைடையும் தண்ணீரில் கரைத்துக் கலந்து தாளில் பூச வேண்டும். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் பட்டதும் இரும்பு வேறு நிலைக்கு மாறி ஃபெரிசயனைடோடு சேரும். அப்போது உருவாவது பிரஷ்யன் நீலம், தண்ணீரில் கரையாத நிறமி. வெயில் படாத இடத்தில் உப்புகள் கரையும் நிலையிலேயே இருப்பதால், தண்ணீரில் அலசினால் போய்விடும். அவ்வளவுதான், படம் நிலைத்துவிட்டது. வெள்ளியை வைத்துச் செய்த மற்ற போட்டோ முறைகளில் படத்தை நிலைக்க வைக்கத் தனி மருந்து வேண்டியிருந்த காலத்தில், இதற்குத் தண்ணீர் மட்டும் போதும் என்பது பெரிய விஷயம். விலையும் குறைவு.

கட்டட வரைபடங்களுக்கு "புளூபிரிண்ட்" என்ற பெயர் வந்ததும் இதே ரசாயனத்தால்தான். அட்கின்ஸ் காலத்துக்குப் பிறகு இன்ஜினியர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். நம் தினசரிகளில் "திட்டத்தின் புளூபிரிண்ட் தயார்" என்று படிக்கும்போதெல்லாம் எனக்குப் பாசிதான் நினைவுக்கு வரும்.

அவருக்கு வரையத் தெரியாது, அதனால்தான் இந்தக் குறுக்கு வழி என்கிறார்களே?

அபாண்டம். லமார்க் என்ற பிரெஞ்சு இயற்கை அறிஞரின் சிப்பி வகைப்பாட்டை அப்பா ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1823இல் வெளியிட்டபோது, அதற்கு இருநூற்று ஐம்பதுக்கும் மேற்பட்ட சிப்பிப் படங்களை வரைந்து கொடுத்தவர் மகள்தான். நீர்வண்ணமும் கைவந்தவர்.

வரையத் தெரிந்தவருக்குத்தான் எதை வரைய முடியாது என்பதும் தெரியும். இந்தப் பாசிப் படங்களைத் திரட்டி அவர் வெளியிட்ட தொகுப்பின் முன்னுரையில் அவரே காரணம் சொல்கிறார்: பல பாசிகள் மிக நுண்ணியவை, அவற்றைத் துல்லியமாக வரைவது கடினம், அதனால் ஹெர்ஷலின் முறையில் செடிகளின் பதிவையே எடுத்துவிட்டேன் என்று. "செடிகளின் பதிவையே" என்ற இடத்தில் நான் எப்போதும் கொஞ்சம் நிற்பேன். படத்தில் இருப்பது கை வரைந்த பாசியின் உருவம் அல்ல, பாசி கிடந்த தடம்.

ஏன் பாசி? ரோஜா, லில்லி எல்லாம் இல்லையா?

வில்லியம் ஹார்வி என்ற பாசி அறிஞர் 1841இல் பிரிட்டிஷ் பாசிகளுக்கு ஒரு கையேடு வெளியிட்டார். எல்லாம் எழுத்து, படம் கிடையாது. கடற்கரையில் ஒரு பாசியை எடுத்து வைத்துக்கொண்டு வெறும் வர்ணனையைப் படித்து இன்னதென்று கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் குறையைத் தீர்க்கக் கிளம்பியதுதான் அட்கின்ஸின் தொகுப்பு. பெயர்களையும் பெரும்பாலும் ஹார்வியின் வழியிலேயே எழுதினார்.

இன்னொரு காரணமும் எனக்குத் தோன்றுகிறது, செய்து பார்த்ததால் தோன்றுவது. சயனோடைப்புக்கென்றே பிறந்தது பாசி. தட்டையாகக் காயும், கண்ணாடிபோல மெல்லியது, வெளிச்சத்தைக் கொஞ்சம் உள்ளே விடும். கெட்டியான இலையை வைத்தால் வெறும் வெள்ளை நிழல்தான் கிடைக்கும். மெல்லிய பாசியில் ஒரு மடல் இன்னொரு மடல் மேல் விழுந்த இடம்கூடத் தனியாகத் தெரியும்.

படத்தைக் கிட்டப் பார்த்தால் என்ன தெரியும்?

எங்கள் ஹாலில் இருப்பதையே எடுத்துக்கொள்ளலாம். டிக்டியோட்டா டைகோட்டமா. டைகோட்டமா என்றால் இரண்டாகப் பிரிவது. ஒவ்வொரு கிளையும் நுனியில் இரண்டாகப் பிரிகிறது, அந்த இரண்டும் மறுபடி இரண்டு இரண்டாக. வாலிபப் பருவத்திலும் விளைந்த பருவத்திலும் எப்படி இருக்கும் என்று ஒரே தாளில் காட்டியிருக்கிறார், அதைக் கீழே எழுதியும் வைத்திருக்கிறார். நடுவில் வெள்ளை திடமாகவும் ஓரத்தில் இளநீலமாகவும் இருப்பதைப் பார்த்தால், எந்த இடத்தில் பாசி தாளோடு ஒட்டிக் கிடந்தது, எந்த இடத்தில் சற்றுத் தூக்கி நின்றது என்றுகூட ஊகிக்கலாம். தூக்கி நின்ற இடத்தில் வெயில் பக்கவாட்டில் புகுந்திருக்கும்.

அந்தக் கையெழுத்தும் பேனாவால் படத்தின் மேல் எழுதியது அல்ல. எண்ணெய் தடவி ஒளி ஊடுருவும்படி செய்த தாளில் பெயரை எழுதி, அதையும் பாசிக்குப் பக்கத்தில் வைத்து வெயிலில் காட்டியிருக்கிறார். எழுத்தும் நிழல்தான்.

ஒரு படத்தை வைத்து மற்றவற்றைப் பிரதி எடுத்தாரா?

இந்தக் கேள்வியைத்தான் நான் எதிர்பார்த்துக்கொண்டிருப்பேன். எடுக்கவில்லை, எடுக்கவும் முடியாது. நெகட்டிவ் என்ற ஒன்று இங்கே இல்லை. பத்துப் பேருக்கு அதே பாசியின் படம் வேண்டுமென்றால், பத்துத் தாள் பூசி, பத்து முறை பாசியை வைத்து, பத்து முறை வெயிலுக்குக் கொண்டுபோய், பத்து முறை அலச வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முழுத் தொகுப்பில் பாசிப் படங்கள் 389, அதோடு எழுத்துப் பக்கங்கள் 14. முழுமையாகவும் அரைகுறையாகவும் இன்றைக்குக் கணக்கில் இருப்பவை சுமார் 17 தொகுப்புகள். ஆக, ஆயிரக்கணக்கில் கைவேலை. வீட்டில் உதவிக்கு ஆட்கள் இருந்திருப்பார்கள், சரி. ஆனாலும் இங்கிலாந்து வெயிலை நம்பிப் பத்து வருடம் செய்த வேலை இது: 1843 அக்டோபரில் முதல் பகுதி, 1853இல் முடிவு.

அதனால்தான் ஒரு நூலகத்தின் பிரதியும் இன்னொன்றின் பிரதியும் ஒத்துப்போவதில்லை. அதே பாசி, ஆனால் கொஞ்சம் திரும்பியிருக்கும், ஒரு கிளை மடிந்திருக்கும், நீலம் ஒன்றில் கருக்கலாகவும் மற்றதில் வெளுப்பாகவும் இருக்கும். இன்னும் நல்ல மாதிரி கிடைத்தபோது புதுப் படம் செய்து அனுப்பி, பழையதை மாற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். பைண்டிங் பொறுப்பு பெற்றுக்கொண்டவருடையது என்பதால் பக்க வரிசையும் ஆளுக்கொரு மாதிரி.

விலைக்கு விற்றாரா?

இல்லை. நண்பர்களுக்கும் அறிஞர்களுக்கும் சங்கங்களுக்கும் கொடுத்தார். ஹெர்ஷலுக்கு ஒன்று போனது.

உலகின் முதல் போட்டோ புத்தகம் இதுதானாமே?

போட்டோக்களால் படம் அமைந்த முதல் புத்தகம் என்று பொதுவாக ஒப்புக்கொள்கிறார்கள். போட்டோ முறையைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஃபாக்ஸ் டால்பட்டின் புத்தகம் 1844 ஜூனில்தான் வர ஆரம்பித்தது. அது கடையில் விற்பனைக்கு வந்தது, அட்கின்ஸுடையது தனிச்சுற்று. "விற்காததைப் புத்தகமென்று எப்படிச் சொல்வது" என்று கேட்பவர்களும் உண்டு. எனக்கு அந்த வாதத்தில் சுவாரசியம் இல்லை.

அவரைத் தாவரவியலாளர் என்று சொல்வது கொஞ்சம் அதிகமில்லையா?

புது இனம் கண்டுபிடித்துப் பெயரிட்டவர் அல்ல. சம்பளம் வாங்கிச் செய்தவரும் அல்ல. அந்தக் காலத்தில் பெண்ணுக்கு அந்த வேலையை யார் கொடுத்தார்கள்? ஆனால் சேகரித்தார், வாங்கினார், இனம் பிரித்தார், வகைப்பாட்டின்படி அடுக்கினார். தன்னுடைய உலர்தாவரத் தொகுப்பை 1865இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்தார். இதற்கு மேல் என்ன சான்றிதழ் வேண்டும்?

குறையும் சொல்லிவிட வேண்டும். சயனோடைப்பில் வெளிவடிவம்தான் கிடைக்கும். நிறம் கிடைக்காது, பாசிகளைச் சிவப்பு, பழுப்பு, பச்சை என்று பிரிப்பதில் நிறம் முக்கியம். உள்ளமைப்பும் கிடைக்காது. ஆனால் அளவு தவறவே தவறாது, ஏனென்றால் ஒவ்வொன்றும் அசல் அளவு. தாளுக்குள் அடங்காத பெரிய பாசிகளில் ஒரு துண்டுதான் இருக்கும்.

படத்தில் உள்ள பெயரைத் தேடினால் இணையத்தில் கிடைக்கவில்லை. தப்பாக எழுதிவிட்டாரா?

பெயர்கள் மாறிவிட்டன. அவர் காலத்தில் இழை இழையாக இருந்த பச்சைப் பாசியை எல்லாம் கன்ஃபெர்வா என்று ஒரே கூடையில் போட்டிருந்தார்கள். பின்னால் அந்தக் கூடையைக் கொட்டிப் பல பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள்.

இது அறிவியல் ஆவணம்தானே, கலை எப்படியாகும்? செய்தது வெயில்தானே?

ஒரு காய்ந்த பாசியை எடுத்துத் தாளில் போட்டுப் பாருங்கள். முடிக்கற்றைபோலச் சுருண்டு ஒரு குப்பை விழும். அட்கின்ஸின் தாளில் ஒவ்வொரு கிளைக்கும் மூச்சுவிட இடம் இருக்கிறது. எது மேலே, எது சாய்ந்து, கீழே எவ்வளவு நீலம் காலியாக விட வேண்டும், பெயர் எந்த மூலையில் என்பதை வெயிலா தீர்மானித்தது? தொகுப்பின் தலைப்பு எழுத்துகளைக்கூடப் பாசி இழை நெளிவதுபோல அமைத்திருக்கிறார். இனம் காண்பதற்கு அது எந்த விதத்திலும் உதவாது. ஆசைக்குச் செய்தது.

ஆன் டிக்சன் என்று இன்னொரு பெயரும் வருகிறதே?

சின்ன வயதிலிருந்தே கூட வளர்ந்த தோழி, கூடப்பிறந்தவள் மாதிரி. அட்கின்ஸ் பிறந்த அதே 1799இல் பிறந்தவர். 1852 தொடக்கத்தில் அட்கின்ஸின் அப்பா இறந்துபோக, அந்தக் கோடையில் டிக்சன் வந்து கூடவே தங்கினார். துக்கத்தில் இருந்தவரை மறுபடி வேலைக்கு இழுத்தது அந்தத் துணைதான் என்று சொல்கிறார்கள். பாசித் தொகுப்பு முடிந்தது. பிறகு பெரணிகளும் பூச்செடிகளும் என்று 1853, 1854 ஆண்டுகளில் புது ஆல்பங்கள் வந்தன. என் கண்ணுக்குப் பெரணிப் படங்கள்தான் பாசிப் படங்களைவிட அழகு. அறிவியல் பாரம் கொஞ்சம் குறைந்து, கை தாராளமாகிவிட்டது.

அந்தப் பெரணிகளில் சிலவற்றின் கீழே ஜமைக்கா என்றும் சிலோன் என்றும் ஊர் எழுதியிருக்கும். இங்கிலாந்தில் ஒரு மேசைக்கு இலங்கைப் பெரணி வந்து சேர்ந்தது காலனி ஆட்சியின் வழியாகத்தான். ஜமைக்கா இன்னும் நெருக்கம்: கணவரின் குடும்பத்துக்கு அங்கே தோட்டங்கள் இருந்தன, அடிமைகளின் உழைப்பில் வளர்ந்த தோட்டங்கள். பத்து வருடம் பாசி உலர்த்த நேரமும் பணமும் எங்கிருந்து வந்தன என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். படத்தை மாட்டியிருக்கும் நான் இதைச் சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்காது.

இவ்வளவு பெரிய வேலை செய்தவர் பெயர் ஏன் வெளியே தெரியவில்லை?

முன்னுரையில் "ஏ.ஏ." என்று மட்டும் போட்டார். அவர் இறந்து இருபது வருடம்கூட ஆகவில்லை, அந்த எழுத்துகளைப் பார்த்த ஒருவர் "அனானிமஸ் அமெச்சூர்", அதாவது பெயர் தெரியாத கற்றுக்குட்டி என்று விரித்துக்கொண்டார். உண்மைப் பெயர் வெளிவந்த பிறகும் நீண்ட காலம் யாரும் பொருட்படுத்தவில்லை. லாரி ஷாஃப் என்ற போட்டோ வரலாற்றாசிரியர் 1980களில் தோண்டியெடுத்து எழுதிய பிறகுதான் அட்கின்ஸின் பெயர் பரவலானது. 2015இல் அவர் பிறந்தநாளுக்கு கூகுள் முகப்பில் நீலப் படம் வந்தது, சிலருக்கு நினைவிருக்கலாம்.

எங்கே பார்க்கலாம்? பிரிண்ட் போட்டு மாட்டினால் காப்புரிமைப் பிரச்சினை வருமா?

வராது, காலாவதியாகிவிட்டது. ஹெர்ஷலுக்குப் போன பிரதி இப்போது நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது. அதை ஸ்கேன் செய்து இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறார்கள். லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலும் ஒரு பிரதி உண்டு. எங்கள் ஹால் படம் நியூயார்க் கோப்பிலிருந்து எடுத்த இங்க்ஜெட் பிரிண்ட்தான், வேறு எதுவும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அசல் தாள் ஏறக்குறைய 25 செ.மீ. உயரம், 20 செ.மீ. அகலம். அதே அளவில் போடுங்கள், பாசியும் அசல் அளவில் இருக்கும். சுவர் நிறைய பெரிதாக்கினால் பிரமாதமாக இருக்கும், ஆனால் அது வேறு பொருள் ஆகிவிடும்.

கடைக்காரரிடம் மேட் தாள் கேளுங்கள். பளபளப்புத் தாளில் இந்த நீலம் பிளாஸ்டிக் மாதிரி தெரியும்.

அசல் சயனோடைப் வெளிறுமா?

வெளிச்சத்தில் மெல்ல வெளிறும். ஆச்சரியம் என்னவென்றால், அதை எடுத்து இருட்டில் வைத்தால் நீலம் பெருமளவு திரும்பி வரும். காரம்தான் அதற்குப் பகை. சோப்புத் தண்ணீர் பட்டால் நீலம் போய் மஞ்சள் கறை நிற்கும்.

வீட்டில் செய்யலாமா?

தாராளமாக. பரவலாகப் புழங்கும் அளவு இது: 100 மி.லி. தண்ணீரில் 25 கிராம் ஃபெரிக் அமோனியம் சிட்ரேட். வேறு 100 மி.லி.யில் 10 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடு. இரண்டையும் தனித்தனிப் பாட்டிலில் வைத்து, வேண்டும்போது சமமாகக் கலந்து, பிரஷ்ஷால் நல்ல கெட்டியான நீர்வண்ணத் தாளில் பூசி, இருட்டு அறையில் காயவிடுங்கள். காய்ந்ததும் செடியை வைத்து, மேலே கண்ணாடி வைத்து அழுத்தி வெயிலுக்குக் கொண்டுபோங்கள். மஞ்சள்பச்சையாக இருந்த தாள் நீலமாகி, பிறகு ஈயப் பாத்திரம் மாதிரி சாம்பல் ஏறும். அந்தச் சாம்பலைக் கண்டு பயந்து பாதியில் எடுத்துவிடாதீர்கள், அதுதான் பதம்.

நான் தோற்ற இடம் தண்ணீர். முதல் ஏழெட்டுப் படங்களை மாடிக் குழாயில், அதாவது போர் தண்ணீரில் அலசினேன். கண்ணெதிரே நீலம் கரைந்து வெளிர்ந்தது. வெயில் போதவில்லை என்று நினைத்து மறுநாள் இன்னும் அதிக நேரம் காட்டினேன், அதே கதை. எங்கள் தெருத் தண்ணீரில் காரம் அதிகம் என்பது உறைக்க இரண்டு வாரம் ஆயிற்று. இப்போது முதல் அலசலுக்கு கேன் தண்ணீர், அதில் ஒரு ஸ்பூன் வினிகர். வினிகர் இல்லாத நாளில் எலுமிச்சைச் சாறு.

சயனைடு என்று பெயரிலேயே இருக்கிறதே, ஆபத்தில்லையா?

ஃபெரிசயனைடில் சயனைடு இரும்போடு இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் சாதாரணமாகக் கையாள்வதில் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் வலுவான அமிலத்தோடு சேரக் கூடாது, விஷவாயு வரும். அதனால் தட்டைக் கழுவ பாத்ரூம் ஆசிட் பக்கம் போகவே வேண்டாம். கையுறை போடுங்கள், சமையல் பாத்திரத்தைப் பயன்படுத்தாதீர்கள், பிள்ளைகள் செய்தால் பக்கத்தில் இருங்கள். மற்றபடி அந்தச் சொல்லே நீலத்திலிருந்து வந்ததுதான். கிரேக்கத்தில் குயானோஸ் என்றால் கருநீலம்.

நம் கடற்கரைப் பாசியில் செய்ய முடியுமா?

ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் என்ற ஊர்ப் பக்கம் போயிருந்தபோது கரையில் ஒதுங்கிக் கிடந்ததை எடுத்து வந்து செய்திருக்கிறேன். கடலில் இறங்கிப் பறிக்க வேண்டாம். மன்னார் வளைகுடாத் தீவுகள் பாதுகாக்கப்பட்ட பகுதி, தவிரவும் அங்கே பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாயில் ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு: மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை.

கட்டக்கோரையின் அறிவியல் பெயர் சர்காசம். அட்கின்ஸின் தொகுப்பிலும் சர்காசம் இருக்கிறது. குட்டிக் குட்டிக் காற்றுப்பைகள் இருப்பதால் கண்ணாடிக்கு அடியில் தட்டையாகப் படுக்காது, ஓரமெல்லாம் மங்கலாக விழும். மரிக்கொழுந்து அப்படியில்லை, சீப்புப் பல் மாதிரி அழகாகப் பதியும். எதுவானாலும் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை உப்புப் போக அலசி, ஒரு தட்டில் தண்ணீர் விட்டு மிதக்கவிட்டு, அடியில் தாளைச் செருகி அப்படியே தூக்குங்கள். கிளைகள் தாமாக விரிந்து படியும். துணி போட்டு மூடி, பழைய நோட்டுப் புத்தகங்களை மேலே அடுக்கி ஒரு வாரம் விட்டுவிடுங்கள். துணியைத் தினமும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அறை முழுக்கக் கருவாட்டு வாடை.